பகுதிநேரப் படையும் பயிற்சி முறையும்



படை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது ஆண்டு முழுவதும் பாசறையில் வாழ்ந்து, நாள்தோறும் அணிவகுத்து நிற்கும் முழுநேரப் படையே. உலகின் பல நாடுகளில் இதனோடு மற்றொரு வகைப் படையும் உண்டு. அப்படையிற் சேர்ந்தவர் வார நாட்களில் எழுதுவினைஞராகவோ, ஆசிரியராகவோ, கமக்காரராகவோ தம் தொழிலைச் செய்வார். வார இறுதியிலும் ஆண்டுக்கொரு முறை நடைபெறும் முகாமிலும் சீருடை அணிந்து பயிற்சி பெறுவார். நெருக்கடி நேரும்போது அழைப்பு வரும். அவர் முழுநேரப் படைவீரரோடு தோளொன்றி நிற்க வேண்டும். இலங்கையில் இதனைத் தொண்டர் படை என்கிறோம். இந்தியாவில் பிரதேசப் படை என்பர். இத்தகைய படையின் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருப்பவர், தமக்குக் கிடைக்கும் சில நாட்களைக் கொண்டு எவ்வாறு பயிற்சியை நடத்துகிறார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

படையைப் பற்றிய செய்தி தண்ணீரூற்றுக் கிராமத்தவருக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. அதற்குரிய விடையைப் பேச்சின் பிற்பகுதியில் தருவேன். முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இலங்கையின் தற்காலப் படை வரலாறு தொண்டர்களிடமிருந்தே தொடங்குகிறது. 1881ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி இலங்கை இலகு காலாட் தொண்டர் படை அமைக்கப்பெற்றது. 1900ஆம் ஆண்டிலே தோட்டத் துரைமார் சேர்ந்து தோட்டக்காரர் துப்பாக்கிப் படையை அமைத்தனர். 1910ஆம் ஆண்டில் இத்தொண்டர் படைகள் யாவும் இலங்கைப் பாதுகாப்புப் படை என்னும் பெயரில் ஒன்றாயின. முதலாம் உலகப் போர் மூண்டபோது, 1914 ஒக்டோபரில், தோட்டக்காரர் துப்பாக்கிப் படையினர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறினர். அவர்களிற் பலர் பின்னர் அதிகாரிகளாக உயர்ந்தனர். 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின்கீழ் இலங்கைக்கு நிலையான இராணுவம் உருவாயிற்று. தொண்டர் படையும் அதன் ஓர் உறுப்பாகத் தொடர்ந்தது.

இவ்விடத்தில் ஒரு தமிழரை நினைவுகூர்தல் தகும். மேஜர் ஜெனரல் அன்ரன் முத்துக்குமாரு இங்கிலாந்தில் சட்டம் பயின்று, நாடு திரும்பி வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். 1934ஆம் ஆண்டில் இலகு காலாட் படையிலே தொண்டர் அதிகாரியாகச் சேர்ந்தார். 1955ஆம் ஆண்டில் இலங்கை இராணுவத்தின் தளபதிப் பதவியை ஏற்றார். அப்பதவியை ஏற்ற முதலாவது இலங்கையர் அவரே. நீதிமன்றத்திலே வழக்காடிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் அணிநடை பயின்ற ஒருவர் ஒரு நாட்டின் படைக்கே தலைவரானார் என்றால், பகுதிநேரப் பயிற்சி விளையாட்டன்று என்பது புலனாகும்.

பிற்காலத்தில், 1983ஆம் ஆண்டின் பின் தொடர்ந்த நீண்ட போர்க் காலத்தில், நம் நாட்டின் தொண்டர் படைப்பிரிவுகள் பெயரளவில் தொண்டர் படையாகவும், நடைமுறையில் முழுநேரப் படையாகவுமே இயங்கின. ஆகவே பகுதிநேரப் பயிற்சி முறையின் இன்றைய வடிவத்தை அறிய நாம் பிற நாடுகளையும் நோக்க வேண்டியுள்ளது.

இந்தியாவின் பிரதேசப் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 1949 ஒக்டோபர் 9ஆந் திகதி அதனைத் தொடக்கி வைத்தவர் அன்றைய தேசாதிபதி இராஜகோபாலாச்சாரியார். அப்படையின் நகரப் பிரிவுகளில் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் பயிற்சி நடைபெறும். நான்கு மணிநேரப் பயிற்சி ஒரு நாளாகக் கணக்கிடப்படும். ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் காவற் படையினர் ஆண்டுக்கு நாற்பத்தெட்டுப் பயிற்சி அமர்வுகளிலும் பதினைந்து நாள் முகாமிலும் பங்குகொள்வர். ஒரு வார இறுதியில் நான்கு அமர்வுகள் அமையுமாதலால், மாதத்துக்கு ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு இரு வாரமும் என்பது அங்கு வழக்காயிற்று. பிரித்தானியாவில் ஆண்டுக்கு இருபத்தேழு நாட்கள் வரையிற் கேட்கப்படுகின்றன; அவற்றுள் பதினைந்து நாட்கள் தொடர்ச்சியான முகாம். நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. அங்கு முழுநேரச் சேவையை முடித்தவர் பத்து ஆண்டுச் சுற்றுக்கு, ஆண்டொன்றுக்கு நாற்பது நாள் வரையில், மீண்டும் பயிற்சிக்கு அழைக்கப்படலாம்.

இக்கணக்கைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். ஆண்டிலே முந்நூற்றறுபத்தைந்து நாட்கள். கிடைப்பவை முப்பது அல்லது நாற்பது. அவற்றிலும் வரவுப் பதிவு, மருத்துவப் பரிசோதனை, உடை வழங்கல், ஆயுதம் எடுத்தல், ஆயுதம் ஒப்படைத்தல், போக்குவரத்து ஆகியவற்றுக்குச் செல்லும் நேரத்தைக் கழித்துவிட்டால், உண்மையிற் கற்பதற்கு எஞ்சுவது மிகச் சிறிது. முழுநேரப் படைத் தலைவர் இன்று தவறவிட்டதை நாளை கற்பிக்கலாம். பகுதிநேரப் படைத் தலைவருக்கு அந்த நாளை என்பது அடுத்த மாதத்தில் இருக்கிறது.

வன்னி மக்களுக்கு இந்நிலையை விளக்குதல் எளிது. நமது நிலத்தில் மழை பெய்வது ஆண்டிலே சில மாதங்கள். அம்மழையைக் குளத்திலே தேக்கி, துருசைத் திறந்தும் மூடியும், அடுத்த மழை வரையில் பயிரையும் உயிரையும் காக்கிறோம். முத்தையன்கட்டுக் குளமும் தண்ணிமுறிப்புக் குளமும் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. பகுதிநேரப் படையின் பயிற்சியும் அத்தகையது. நிரம்புங் காலம் குறுகியது. பயன்படுங் காலம் நெடியது. கட்டில் ஓட்டை இருந்தால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. அக்கட்டை உறுதி செய்யும் முறைகள் யாவை என இனி நோக்குவோம்.

முதலாவது, எதைக் கற்பிப்பதில்லை என்று தீர்மானித்தல். கேட்பதற்கு இது விந்தையாகத் தோன்றலாம். எனினும் பகுதிநேரப் பிரிவின் தலைவர் செய்ய வேண்டிய கடினமான வேலை இதுவே. முழுநேரப் படை செய்யும் அனைத்தையும் சிறிது சிறிதாகச் செய்ய முயன்றால் எதுவும் கைவராது. அழைப்பு வந்தால் இப்பிரிவு என்ன செய்யப்போகிறது? பாலத்தைக் காக்கவா, காயமுற்றோரைச் சுமக்கவா, செய்தித் தொடர்பை நடத்தவா? அவ்வேலைக்கு இன்றியமையாத நான்கைந்து செயல்களைத் தெரிந்தெடுத்து, ஏனையவற்றை மனத்துணிவோடு ஒதுக்க வேண்டும்.

இதற்கு வரலாறு தந்த சான்று ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டு வளைகுடா நெருக்கடியின்போது, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத் தேசியக் காவற் படையைச் சேர்ந்த 48ஆவது காலாட் படையணி நவம்பர் 30ஆந் திகதி சேவைக்கு அழைக்கப்பட்டது. முழுநேரப் படையின் டிவிஷன் ஒன்றோடு இணைந்து போரிடும் என்று பல ஆண்டுகளாக எண்ணப்பட்டிருந்த படையணி அது. ஒரு மாதம் அல்லது அதனிற் சற்றுக் கூடிய காலத்தில் ஆயத்தமாகிவிடும் என்று ஏட்டிலே கணக்கிருந்தது. நடந்தது என்ன? கலிபோர்னியப் பாலைநிலத்தில் நெடும் பயிற்சி பெற்று, அப்படையணி போருக்குத் தகுதி பெற்றதென அறிவிக்கப்பட்ட நாள் 1991 பெப்ரவரி 28. போர் நிறுத்தம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாள்தான். வீரருக்கு வீரம் குறைவென்று எவரும் கூறவில்லை. படைவீரர் பலர் தத்தம் தனித் தொழிலிலே போதிய தேர்ச்சியின்றி இருந்தனர் என்றும், சார்ஜன்ட் நிலையிலுள்ள தலைவர்களுக்குத் தலைமைப் பயிற்சி போதவில்லை என்றும், வாகனங்களைப் பேணும் முறையில் குறை இருந்ததென்றும் பின்னர் நடந்த ஆய்வு கூறிற்று. அதே காவற் படையின் பீரங்கிப் பிரிவுகள் சில களஞ்சென்று நன்கு பணியாற்றின என்பதையும் நாம் மறத்தலாகாது. பல படைக்கலங்களை ஒருங்கு சேர்த்து நகர்த்தும் பெரிய வேலைக்கு மாதமொரு வார இறுதி போதவில்லை. வரையறுத்த ஒரு தொழிலுக்கு அது போதுமானதாயிற்று.

இரண்டாவது, சிறு தலைவரை உருவாக்குதல். படிகளைக் கட்டாமல் மேல்மாடி ஏற முடியாது. தனிவீரனின் திறன், அதன்மேல் பத்துப்பேர் கொண்ட குழுவின் திறன், அதன்மேல் பெரிய பிரிவின் திறன் என்று இது படிப்படியாக உயர வேண்டும். மாதத்துக்கு இரு நாட்களே கிடைக்கும் இடத்தில், குழுவின் திறனைக் கட்டி முடிப்பதே பெருங் காரியம். அதற்குக் கருவியாய் இருப்பவர் கோப்ரலும் சார்ஜன்டும். ஆகவே நல்ல பிரிவில், பயிற்சி நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அச்சிறு தலைவர்கள் ஓர் இரவு கூடி, தாம் கற்பிக்க வேண்டியதைத் தாமே செய்து பார்த்துவிடுவர். கற்பிப்பவர் தடுமாறினால் முப்பது பேரின் அரை நாள் வீணாகிறது. அந்த அரை நாள் திரும்ப வராது.

மூன்றாவது, கருவியைப் பயிற்சியிலேயே சோதித்தல். பிரித்தானியாவில் ஹால்டேன் பிரபுவின் சீர்திருத்தத்தால் 1908ஆம் ஆண்டு பிரதேசப் படை தோன்றியது. அப்படையின் இலண்டன் ஸ்கொட்டிஷ் என்னும் பட்டாளம் 1914 ஒக்டோபர் 31ஆந் திகதி பெல்ஜியத்தின் மெசின் என்னுமிடத்திலே போரில் இறங்கியது. புறப்படுமுன் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் புதுவகைத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றப்பட்டவை. ஆனால் தோட்டாப் பெட்டியின் இயக்கம் அத்தோட்டாவோடு பொருந்தவில்லை. பகைவன் நெருங்கி வருகையில், ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுட வேண்டியதாயிற்று. அவர்கள் தளராது நின்றனர், பலர் மாண்டனர். ஒரு மாலைப் பொழுது அத்துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்திருந்தால் குறை அன்றே வெளிப்பட்டிருக்கும். களஞ்சியத்திலே பூட்டி வைத்துப் பதிவேட்டிலே எண்ணிக்கை காட்டும் பொருள் ஆயத்தமான பொருளாகாது.

நான்காவது, நாட்காட்டி. பகுதிநேர வீரருக்கு இரண்டு எசமானர். ஒருவர் படைத் தலைவர், மற்றவர் அவருக்குத் தொழில் கொடுத்தவர். மூன்றாவது எசமானராகக் குடும்பமும் உண்டு. முகாமின் திகதியை ஓராண்டுக்கு முன்னரே அறிவித்துவிட்டால் மூவரோடும் பேசி ஒழுங்கு செய்துகொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு முன் அறிவித்தால் மூவரும் பகைவராவர். சிங்கப்பூரில் பயிற்சிக் காலத்தில் தொழிலாளி இழக்கும் ஊதியத்தை அரசு ஈடு செய்கிறது. பிரித்தானியாவில் ஆண்டுக்குரிய நாட்களையும் தேர்ச்சிகளையும் நிறைவு செய்தோருக்கு ஊக்கத்தொகை உண்டு. இவை தாராளத்துக்காகச் செய்யப்படுவன அல்ல. வராதவருக்குப் பயிற்சி கொடுக்க முடியாது என்ற எளிய உண்மையை அந்நாடுகள் உணர்ந்திருக்கின்றன. வருகை குறைந்தால் தண்டனையைப் பற்றி நினைப்பதற்கு முன், வந்தவரை வெயிலிலே சும்மா நிறுத்தி வைத்தோமா என்று தலைவர் தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். பயனற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்த மாதத்தின் பத்து வெற்றிடங்களாக மாறும்.

ஐந்தாவது, பயிற்சி முடிந்தவுடன் மீள்நோக்குதல். என்ன நடக்க வேண்டுமென்று எண்ணினோம்? என்ன நடந்தது? ஏன் அவ்வாறு நடந்தது? அடுத்த முறை எதை மாற்றுவோம்? இந்நான்கு வினாக்களையும் வட்டமாக அமர்ந்து, பதவி வேறுபாடு பாராது, அன்றே பேசி எழுதி வைத்தல் வேண்டும். ஒரு மாத இடைவெளியில் மனிதர் மறந்துவிடுவர், எழுத்து மறவாது. அவ்வேடுதான் அடுத்த பயிற்சியின் முதற்பக்கம்.

நேயர்களே, இனித் தண்ணீரூற்றுக்கு வருவோம்.

வன்னி மண்ணிலே பயிற்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் மனந் துணுக்குறுவோர் இன்றும் உளர். சீருடையால் இழந்தவரும், சீருடையில் இழந்தவரும் ஒரே வீதியிலே வாழ்கின்றனர். 2009ஆம் ஆண்டில் இம்மாவட்டம் கண்ட துயரம் இன்னும் ஆறவில்லை. ஆகவே இங்கு எவரையும் ஆயுதம் ஏந்தப் பயிலுமாறு நான் கூற வரவில்லை. இம்முறையை ஆயுதத்திலிருந்து பிரித்தெடுத்து, உயிர் காக்கும் வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதே நான் கூற வந்தது.

ஏனெனில் நமக்கு வேறு பகைகள் உள. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலையில் கடல் எழுந்து முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2020 டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிப் புயல் நமக்குத் தெற்கே, திருகோணமலைக்கு வடக்கில் கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் வெள்ளம் நாட்டையே உலுக்கியது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின்னர், அனர்த்த முகாமைத்துவ நிலையம் நிறுவப்பட்டது. கிராம அலுவலர் பிரிவுகளிலே அனர்த்தக் குழுக்களும் அமைக்கப்பட்டன. அக்குழுவிலே பெயர் கொடுத்தவர் யார்? கமக்காரர், கடற்றொழிலாளர், ஆசிரியர், கடைக்காரர். அவர்கள் யாவரும் பகுதிநேரத் தொண்டர்களே. ஆகையால் மேற்கூறிய ஐந்து முறைகளும் அவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

தண்ணீரூற்று கடலிலிருந்து சிறிது உள்ளே, முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் செல்லும் வீதியில் அமைந்தது. கடல் எழுந்தால் கரையோர மக்கள் ஓடிவரும் திசையிலே நாம் இருக்கிறோம். ஆதலின் நமது குழுவின் முதல் வேலை வந்தோரை ஏற்றலும், இடங் கொடுத்தலும், பெயர் பதிதலும், காயத்துக்கு முதலுதவி செய்தலும் எனலாம். இவற்றைத் தெரிந்தெடுத்து, கயிறேறுதல் போன்ற காட்சிப் பயிற்சிகளை ஒதுக்கிவிடலாம். பாடசாலையின் திறவுகோல் நள்ளிரவில் யாரிடம் இருக்கும்? கோவிலின் ஒலிபெருக்கியும் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் மின்சாரம் அற்றபோது இயங்குமா? நடக்கவியலாத முதியோர் எந்தெந்த வீட்டில் உளர், அவரைச் சுமப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை ஏட்டில் அன்றி மனிதரின் நினைவிலும் கைகளிலும் இருத்தல் வேண்டும்.

நாட்காட்டியும் நமக்கு இயற்கையிலேயே அமைந்துள்ளது. காலபோக விதைப்புத் தொடங்கினால் கமக்காரருக்கு ஓய்வில்லை. புயல் அச்சமோ நவம்பர், டிசம்பரில். எனவே விதைப்புக்கு முன்னர், ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில், முழு ஒத்திகையை முடித்துவிட வேண்டும். அறுவடைக்குப் பின் புதியவரைச் சேர்த்து அடிப்படைப் பாடம் நடத்தலாம். உயிர்காப்பதற்காக மார்பை அழுத்தும் முறை போன்ற முதலுதவித் திறன்கள் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும் என்று மருத்துவர் கண்டிருக்கின்றனர். ஆதலால் ஆண்டுக்கொரு முறை ஐந்து மணிநேரம் நடத்துவதினும், மூன்று மாதத்துக்கொரு முறை ஒரு மணிநேரம் நடத்துவது மேலானது. மின்பிறப்பாக்கியையும் கைவிளக்கையும் அன்றே இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதை மெசின் களம் நமக்குச் சொல்லிவிட்டது.

இத்தகைய ஒழுங்கு நமக்குப் புதியதன்று. ஆண்டுதோறும் வைகாசியிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நடைபெறுகிறது. அதற்கு ஒரு கிழமைக்கு முன் கடல்நீர் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டுவிநாயகர் ஆலயத்தில் அந்நீரால் விளக்கெரிக்கும் மரபு தொடங்குகிறது. தீர்த்தம் எடுப்பவர், மடை பரவுபவர், பெருந்திரளான அடியார்களுக்குத் தண்ணீர் வார்ப்பவர் என ஒவ்வொருவருக்கும் கடமை உண்டு. எவரும் அதற்கெனச் சம்பளம் பெறும் முழுநேர ஊழியர் அல்லர். ஆண்டுக்கொரு முறை செய்யும் வேலை வழுவாமல் நடப்பதற்குக் காரணம் என்ன? நாள் குறித்தது, கடமை வரையறுத்தது, மூத்தவர் அருகில் இளையவர் நின்று பழகுகிறார், தவறு நேர்ந்தால் அன்றே பெரியோர் சுட்டிக்காட்டுகின்றனர். படைநூல் வகுத்த முறைகளை நம் ஊர்ப் பொங்கல் தானே கண்டறிந்து வைத்திருக்கிறது.

2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கை கேட்டு உள்நாடு நோக்கி நகர்ந்தனர். பேரலை வரவில்லை. வீண் அலைச்சல் என்று அன்று சிலர் கூறினர். உண்மையில் அது ஒரு நாடு தழுவிய பயிற்சி. எந்த வீதி அடைபட்டது, எந்த ஒலிபெருக்கி கேட்கவில்லை, எவர் வீட்டிலேயே தங்கிவிட்டார் என்பவற்றை அன்று மாலையே எழுதிவைத்த ஊருக்கு அது பெரும் செல்வம். எழுதாத ஊருக்கு அது வெறும் அலைச்சலே.

பெயர்ப் பட்டியல் ஒன்று இருப்பதால் படை இருக்கிறது என்று நம்புவது எந்த நாட்டிலும் நேரக்கூடிய மயக்கம். அழைப்பு வரும் நாளில்தான் அம்மயக்கம் தெளியும். அப்போது தெளிந்து பயனில்லை. அடுத்த முறை உங்கள் கிராம அலுவலர் அனர்த்தக் குழுவின் கூட்டத்தை அழைக்கும்போது, அங்கே சென்று ஒரே ஒரு வினாவைக் கேளுங்கள்: நாம் கடைசியாக ஒத்திகை பார்த்த நாள் எது? விடை உடனே வராவிட்டால், புதிய நாளொன்றை அக்கூட்டத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். விதைப்புக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அது அமையட்டும்.